குருத்தோலைத் தோரணம்: கட்டும் முறையும் விற்கும் நெறியும்



திருவிழா என்றாலே நம் கண்முன் முதலில் தோன்றுவது தோரணம். கொடிமரத்தைப் பார்க்கும் முன்பே, நாதஸ்வர ஓசை காதில் விழும் முன்பே, வாசலில் அசையும் தோரணம் நம்மை 'வா' என்று அழைத்து விடுகிறது. ஆணி இல்லை, பசை இல்லை, வண்ணச் சாயம் இல்லை. ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு தென்னங்குருத்து. மனிதன் அறிந்த அலங்காரங்களுள் இதைவிட எளியது வேறொன்று இருக்க முடியாது.

இந்தக் கட்டுரையின் நோக்கம் இரண்டு. குருத்தோலைத் தோரணத்தை வீட்டிலேயே கட்டும் முறையை விளக்குவது ஒன்று. அறநிதிக்காக அதை விற்பவர்கள் கைக்கொள்ள வேண்டிய நெறியைச் சொல்வது மற்றொன்று. முதலாவதை எனக்குக் கற்பித்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். இரண்டாவதை நான் ஒரு பிழை செய்துதான் கற்றுக் கொண்டேன். அந்தப் பிழையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, தவறான விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டித் திருத்துவதே நல்ல போதனை என்று தெரியும்.

தோரணத்தின் பெருமை

தோரணம் நமக்குப் புதியதன்று. ஆண்டாள் நாச்சியார் தம் திருமணத்தைக் கனவிலே கண்டு பாடிய 'வாரணம் ஆயிரம்' பதிகத்தில், நகரெங்கும் தோரணம் நாட்டப்படுவதைச் சொல்கிறார். மணமகன் வருமுன் தோரணம் வருகிறது. இறைவனே எழுந்தருளினாலும் வாசலில் முதலில் பசுமை நிற்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை.

இந்தக் குருத்தோலை நமக்கு மட்டும் உரியதென்றும் எண்ண வேண்டாம். நம் மலாய்ச் சகோதரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் பின்னுவது இதே இளம் ஓலையில்தான். பாலித் தீவின் இந்துக்கள் கலுங்கான் திருநாளில் வீட்டு வாசல்தோறும் நட்டு வைக்கும் பெஞ்சோர் என்னும் நெடிய மூங்கிலில் தொங்குவதும் குருத்தோலையே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'குருத்தோலை ஞாயிறு' என்று ஒரு நாளுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். தென்னை வளரும் நாடுகளில் மனிதன் தெய்வத்தை வரவேற்கக் கையில் எடுத்த முதல் பொருள்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

இன்று நம் கடைத்தெருக்களில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றை வாங்குவோரை நான் குறை கூறவில்லை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் குருத்துக்கு எங்கே போவார்? ஏணி எங்கே, நேரம் எங்கே? ஆயினும் வாடாத தோரணத்தில் ஒரு குறை உண்டு. அதை ஒருமுறை கட்டிவிட்டால் அப்புறம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாடும் தோரணத்தை மட்டுமே ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு மனிதக் கை புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஓலையைத் தெரிந்து கொள்வோம்

தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் உள்ள ஒரே மொட்டுத்தான் அதன் உயிர். அந்த மொட்டிலிருந்து ஏறக்குறைய மாதத்திற்கு ஒன்றாக, நெட்டை மரத்தில் ஆண்டுக்கு 12 முதல் 14 வரை மட்டைகள் வெளிவருகின்றன. விரியாமல் ஈட்டிபோல் நேராக நிற்கும் இளம் மட்டையே குருத்து. வெயில் படாததால் அது பச்சை ஏறாமல் வெளிறிய மஞ்சளாக இருக்கும். தோரணத்தின் அழகே அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. குருத்தை வெட்டுகிறவர் மொட்டில் கத்தி பட விட்டால் மரமே பட்டுப்போகும். மேலும், ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வருவது தென்னையின் இயல்பு. ஆகவே குருத்து எடுப்பது ஒரு குலையைப் பணயம் வைப்பது போலாகும். எனக்குக் கற்பித்த பெரியவர் நன்றாகக் காய்க்கும் மரத்தில் கை வைக்க மாட்டார். வீடு கட்டவோ சாலை போடவோ வெட்டவிருக்கும் மரங்கள் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்வார். அப்படிக் கிடைக்காவிட்டால் உரிமையாளரிடம் கேட்டு, ஒரு மரத்தில் ஒரு குருத்து மட்டுமே எடுக்கச் சொல்வார். அனுபவமுள்ள மரமேறியைக் கொண்டே எடுக்க வேண்டும். பக்தி மிகுதியால் நாமே ஏறிப் பார்ப்போம் என்று யாரும் துணிய வேண்டாம்.

ஒரு முழு மட்டையில் 200 முதல் 250 வரை ஓலைகள் இருக்கும். அடியிலும் நுனியிலும் உள்ளவை குட்டையானவை. கிழிந்தவற்றையும் கழித்துவிட்டால் தோரணத்திற்கு ஆகும் நல்ல ஓலைகள் 140 தேறும். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். விலை போடும் பகுதியில் இது தேவைப்படும்.

வேண்டிய பொருள்கள்

ஆறடி வாசலுக்கு ஒரு தோரணம் கட்ட 20 ஓலைகள், தேங்காய் நார்க் கயிறு ஒன்பது அடி, கூரிய சிறு கத்தி, ஈரச் சாக்கு ஒன்று, வாழைநார் கொஞ்சம். நைலான் கயிறு வேண்டாம். அது வழுக்கும், ஓலை ஓரிடத்தில் நில்லாது. நார்க்கயிற்றின் சொரசொரப்பே ஓலையைப் பிடித்துக் கொள்ளும்.

கட்டும் முறை

முதலாவதாக, குருத்தை மெல்லத் தட்டி விரித்து ஓலைகளை மட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள். பிரித்த ஓலைகளை உடனே ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் அரைமணி நேரம் கிடந்தாலும் ஓரம் சுருண்டுவிடும்.

இரண்டாவதாக, ஆறு ஓலைகளை எடுத்து நடு ஈர்க்கை நீக்குங்கள். ஓர் ஓலைக்கு இரண்டு வார்களாக 12 வார்கள் கிடைக்கும். ஒரு வாரை இரண்டாக மடித்து, மடிப்பைக் கயிற்றின் பின்புறம் கொடுத்து, இரு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் நுழைத்து இழுங்கள். வார் கயிற்றை இறுகப் பற்றிக் கொண்டு இரண்டு வால்களாகத் தொங்கும். நுனிகளை மீன்வாலைப் போல் வெட்டி விடுங்கள்.

மூன்றாவது, சடை ஓலை. இதற்கு 12 ஓலைகள் வேண்டும்; ஈர்க்கை எடுக்கக் கூடாது. குருத்தில் ஓலை நடு ஈர்க்கில் மடிந்தே இருக்கும். அந்த மடிப்பைக் கலைக்காமல், திறந்த ஓரத்திலிருந்து ஈர்க்கை நோக்கிச் சாய்வாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு வெட்டிக்கொண்டே போங்கள். ஈர்க்குக்கு அரை விரல் முன்பாகக் கத்தி நின்றுவிட வேண்டும். இப்போது ஓலை சீப்புப் போல் இருக்கும். ஒவ்வொரு நாக்கையும் உட்புறமாக வளைத்து, அதன் நுனியை மேலேயுள்ள வெட்டில் செருகுங்கள். இரு பக்கமும் செருகி முடித்துப் பிரித்துப் பார்த்தால் பின்னிய சடைபோல் இருக்கும். அதன் அடிப்பகுதியைக் கயிற்றில் வளைத்து வாழைநாரால் கட்டி விடுங்கள்.

நான்காவதாக, கயிற்றின் இரு முனையிலும் ஒன்றரை அடி விட்டு, நடுவிலுள்ள ஆறடியில் ஒரு வார், ஒரு சடை என்று மாறி மாறி நான்கு விரல் இடைவெளியில் கட்டி வாருங்கள். எஞ்சிய இரண்டு ஓலைகள் குருவிக்கு.

குருவிகளின் கணக்கு

ஓலையில் குருவி மடிப்பதை எழுத்தால் விளக்கினால் குழப்பமே மிஞ்சும். தெரிந்தவர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆனால் அதன் கணக்கை நீங்கள் அறிந்திருத்தல் நலம். அண்ணன் (அந்தப் பெரியவரை நான் அப்படித்தான் அழைப்பேன்) எங்களுக்கு முதல் நாளே சொன்னது இது:

"நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேல பார்க்கணும். துக்க வீட்டுக்கு மூணு, தலை கீழ. இதுல மட்டும் தப்பு பண்ணிடாதீங்க டீச்சர்."

நான் தப்புப் பண்ணினேன். முதல் ஆண்டு விற்பனைக்கு நான் கட்டிய தோரணம் ஒன்றில் ஒரு குருவி அவிழ்ந்து விழுந்துவிட்டது. மூன்று இருந்தால் என்ன, அழகாகத்தானே இருக்கிறது என்று அதை மேசையில் வைத்து விட்டேன். புதுமனை புகுவிழாவுக்காக ஓர் அம்மையார் அதையே கையில் எடுத்துக் கொண்டார். அண்ணன் எங்கிருந்தோ வேகமாக வந்து, "இது விக்கிறதுக்கு இல்லைம்மா" என்று சொல்லி, வேறொன்றைக் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தோரணத்தை மடியில் வைத்து நாலாவது குருவியை மடித்துச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஓலையோடு சேர்ந்து வருவது ஒருவருடைய அறிவும் அக்கறையும். அதற்கும் விலை உண்டு என்பதை அப்போது நான் உணரவில்லை.

விற்பனையில் நான் செய்த பிழை

அது 2019ஆம் ஆண்டு. அக்டோபர் 27ஆம் நாள் தீபாவளி. அதற்கு முந்திய வார இறுதியில் அறநிதிக்காக ஒரு சிறு சந்தை நடத்தினோம். முறுக்கு, அதிரசம், அகல் விளக்கு இவற்றோடு குருத்தோலைத் தோரணமும் வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான். அண்ணனிடம் போய், "கோயில் காரியம், நாற்பது தோரணம் வேணும்" என்றேன். "செஞ்சிடலாம் டீச்சர்" என்றார். நாங்கள் சிலர் உதவினோம் என்றாலும், பெரும்பகுதி அவர் கையால் ஆனது.

விலை என்ன வைப்பது என்ற பேச்சு வந்தபோது, "ஓலைதானே, ஐந்து ரிங்கிட் போதும். மலிவாக இருந்தால் எல்லாரும் வாங்குவார்கள்" என்றேன். நாற்பதும் ஒரு மணி நேரத்தில் விற்றுப்போயின. 200 ரிங்கிட் நிதியில் சேர்ந்தது. கூட்டத்தில் அறிவித்தபோது கைத்தட்டல் எழுந்தது. அண்ணனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம். எனக்கும் மனநிறைவு.

2020ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன. கல்யாணங்கள் நின்றன. கல்யாணம் இல்லையேல் தோரணம் ஏது? சில வாரங்கள் கழித்து, உதவிப் பொருள் பைகளை எடுத்துக் கொண்டு தொண்டர்களோடு மலிவு விலை அடுக்குமாடி ஒன்றுக்குப் போனேன். பட்டியலில் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்தவர் அண்ணன்.

அவர் முகத்தை நான் பார்க்க முடியாமல் போனேன்; என் முகத்தை அவரும் பார்க்கவில்லை. பையை வாங்கிக் கொள்ளத் தயங்கினார். உள்ளே வைக்கிறேன் என்று நானே மேசையருகே போனேன். அங்கே நம்மவர்கள் கடைக்கணக்கு எழுதும் '555' சிறு நோட்டு ஒன்று திறந்து கிடந்தது. யாருக்கு எந்தத் தேதியில் தோரணம், எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று பென்சிலால் எழுதியிருந்தார். ஆசிரியர் கண் அல்லவா, படித்துவிட்டது.

'தீவாளி கோயில். குருத்து 6, 108. கயிறு 36. வேன் 60. மொத்தம் 204.' வரவு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

நிதியில் நாங்கள் சேர்த்தது 200. அவர் கையிலிருந்து போனது 204. அந்த 200 ரிங்கிட்டை நாங்கள் திரட்டவில்லை. நன்கொடைப் பெட்டியில் காசு போட வந்தவர்களிடமிருந்து வாங்கி, நன்கொடை பெறும் நிலையில் இருந்த ஒருவருடைய பணத்தை ஈடு செய்யாமல் விட்டிருக்கிறோம். நாற்பது தோரணத்திற்கு அவர் உட்கார்ந்த முப்பது மணி நேரத்துக்கு அந்த நோட்டில் ஓர் எழுத்துக் கூட இல்லை.

"ஏண்ணே, இதை என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

"கோயில் காரியம்னு சொன்னீங்க. கோயிலுக்குக் கணக்குக் காட்டலாமா டீச்சர்?" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "திருவிழாவுக்கு சாமி வாசல்ல நான் கட்டுறேன் பாருங்க, அது காணிக்கை. அதுக்கு யாரும் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டேன். கடை போட்டு விக்கிறது வேற. அது வேலை."

பக்தப் பெருமக்களே, தொண்டு என்பதற்கும் கூலி என்பதற்கும் உள்ள எல்லைக்கோட்டை எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. காணிக்கை தர வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை தருகிறவருக்கு உரியது. அவருக்காக அந்த முடிவை நான் எடுத்துவிட்டேன். 'கோயில் காரியம்' என்ற இரண்டு சொல்லால் அவர் வாயையும் அடைத்துவிட்டேன்.

விலை போடும் முறை

கைவினைப் பொருளை அறநிதிக்காக விற்க விரும்பும் மன்றத்தினரும் மாதர் பிரிவினரும் இந்தக் கணக்கைப் பின்பற்றலாம். எங்கள் ஊர் நிலவரப்படி எழுதுகிறேன். உங்கள் ஊரில் எண்கள் மாறலாம், வரிகள் மாறா.

ஓலை: ஒரு குருத்து 21 ரிங்கிட். நல்ல ஓலைகள் 140. தோரணத்திற்கு 20 வீதம் ஏழு தோரணம். ஆகவே ஒன்றுக்கு 3 ரிங்கிட்.

கயிறும் நாரும்: 1 ரிங்கிட்.

கை: தேர்ந்தவருக்கு ஒரு தோரணம் கட்ட முக்கால் மணி நேரம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதை ஒட்டி மணிக்கு 9 ரிங்கிட் என்று வைத்தாலும், முக்கால் மணிக்கு ஏறக்குறைய 7 ரிங்கிட்.

வண்டியும் கழிவும்: 1 ரிங்கிட்.

மொத்தம் 12 ரிங்கிட். இது அடக்க விலை. இதற்குக் கீழே விற்றால் யாரோ ஒருவர் நட்டப்படுகிறார் என்று பொருள். அவர் பெரும்பாலும் வாய் திறவாதவராகவே இருப்பார். இந்த 12க்கு மேல் 3 ரிங்கிட் சேர்த்து 15 என்று விலை வைத்தால், அந்த மூன்றுதான் அறநிதிக்கு உரியது.

பழைய ஐந்து ரிங்கிட் விலையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓலை, கயிறு, வண்டி மூன்றும் சேர்த்தாலே ஐந்து ஆகிவிடுகிறது. கைக்கு மட்டும்தான் நான் விலை வைக்கவில்லை.

விற்கும் நெறி

2022ஆம் ஆண்டு அண்ணனை ஆசிரியராகக் கொண்டு அதே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எட்டுப் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கினோம். அவர் கேட்ட சம்பளத்தைப் பேசிக் கொடுத்தோம். அந்த அனுபவத்தில் தெளிந்த சில நெறிகள் இவை.

ஒன்று, முன்பதிவு இல்லாமல் கட்டாதீர்கள். குருத்தோலை இரண்டு மூன்று நாள்களில் நிறம் மங்கும். விற்காத தோரணத்தை அடுத்த வாரம் விற்க இயலாது. பத்து நாளுக்கு முன்பே பெயரும் வாசலின் அகலமும் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று அதிலேயே குருத்து வாங்குங்கள். கட்டுகிறவர் தம் கைப்பணத்தைப் போடும் நிலை வரவே கூடாது.

இரண்டு, திருநாளுக்கு முந்திய நாள் கட்டி, அன்று மாலையே கொடுத்து விடுங்கள். இடையில் ஈரத்துணியாலோ வாழை இலையாலோ சுற்றி வையுங்கள். வாங்குகிறவரிடம், இரவில் லேசாக நீர் தெளித்து நிழலில் வைத்து, விடியற்காலையில் கட்டச் சொல்லுங்கள்.

மூன்று, ஒரு சிறு அட்டையில் நான்கு குருவிகளின் பொருளை எழுதி இணையுங்கள். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, வாசலில் நின்று எண்ணிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நான்கு, விலையை எழுதி வையுங்கள். எதற்கு எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். எங்கள் மேசையில் 'ஓலை 3, கயிறு 1, கை 7, வண்டி 1, அறநிதி 3' என்றே எழுதினோம். அதன் பிறகு பேரம் பேசியவர் மிகச் சிலரே. ஏழைக் கையிலிருந்து இரண்டு ரிங்கிட்டைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் நா எழுவதில்லை.

ஐந்து, எளியதும் இருக்கட்டும். பதினைந்து ரிங்கிட் தர இயலாதவருக்கு மூன்றடிச் சிறு தோரணம் எட்டு ரிங்கிட்டுக்கு வைத்தோம். அளவைக் குறைத்து விலையைக் குறைக்கலாம்; கையைக் குறைத்து விலையைக் குறைக்கலாகாது.

ஆறு, ஒன்றும் வீணாக வேண்டாம். நீக்கிய ஈர்க்குகளைக் கட்டித் துடைப்பம் ஆக்கலாம். குட்டை ஓலைகளில் பிள்ளைகளுக்குப் பந்தும் காற்றாடியும் செய்யலாம். வாடிய தோரணத்தைச் செடிகளுக்கு உரமாக இடலாம்.

அந்த ஆண்டு முப்பது பெரிய தோரணங்களுக்குத்தான் முன்பதிவு வந்தது. நிதிக்குக் கிடைத்தது 90 ரிங்கிட். ஓர் அன்பர் உரிமையோடு என்னைக் கேட்டார்: "டீச்சர், அன்றைக்கு இருநூறு கொண்டு வந்தீர்கள், இன்றைக்குத் தொண்ணூறா? பத்து வெள்ளிக்குப் பிளாஸ்டிக் வாங்கினால் மூன்று வருஷம் வருமே?"

அவர் கேட்டதில் தவறில்லை. நான் 555 நோட்டின் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் வீட்டுக்கு ஒன்று எழுதிக் கொள்ளச் சொன்னார். பதிவு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பொங்கலுக்கு முதல் பெயராக அவர் பெயரை எழுதிக் கொண்டேன்.

கணம்புல்லர் காட்டிய வழி

அறுபத்து மூவரில் கணம்புல்ல நாயனாரின் வரலாறு நாம் அறிந்ததே. விளக்குத் திருப்பணியே தம் வாழ்வாகக் கொண்டவர். செல்வம் குன்றிய பின், தில்லையிலே கணம்புல் அரிந்து விற்று, அந்தக் காசில் நெய் வாங்கி விளக்கேற்றினார். ஒருநாள் புல் விற்கவில்லை. அந்தப் புல்லையே திரித்து விளக்காக எரித்தார். யாமம் முடியும் வரை அது போதாது போகவே, தம் தலைமுடியையே விளக்கில் மடுத்தார்.

இந்த வரலாற்றைப் பள்ளியில் பலமுறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டைக் கண்ட பிறகுதான் இதில் ஒரு நுட்பம் எனக்குப் புலப்பட்டது. புல் அரிந்தவரும் அவரே, விற்றவரும் அவரே, விளக்கேற்றியவரும் அவரே. புல் விற்காத நாளில் அவர் எரித்தது தம்முடைய முடியை. பிறர் அரிந்த புல்லை விலையின்றி வாங்கி அவர் தம் விளக்கை ஏற்றவில்லை.

திருப்புகலூரில் முருக நாயனார் மலர் பறித்ததும் மாலை தொடுத்ததும் தம் கையாலேயே. அவர்களைப் போல் நாமும் நம் உழைப்பைக் காணிக்கை ஆக்கலாம். அதற்குத் தடையே இல்லை. பிறர் உழைப்பைக் காணிக்கையாக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை. அதை விலை கொடுத்து வாங்கி, நம் பொருளாக்கி, அதன் பின்னரே இறைவன் திருமுன் வைக்க வேண்டும்.

முடிவுரை

அன்பர்களே, வரும் திருநாளுக்கு உங்கள் வாசலில் ஒரு குருத்தோலைத் தோரணம் அசையட்டும். முடிந்தால் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து நீங்களே கட்டுங்கள். முதல் தோரணம் கோணலாகத்தான் வரும். என்னுடையதும் அப்படித்தான் வந்தது. கட்ட நேரமில்லாதவர்கள், கட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லிச் செய்யுங்கள். சொல்லும்போதே விலையைக் கேளுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அதுவும் ஒரு வழிபாடுதான்.

அண்ணன் இன்றும் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு கோயிலுக்கு வந்து விடுகிறார். கொடிமரத்துக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்து, சாமி வாசலுக்கான தோரணத்தைத் தனியாகக் கட்டுகிறார். அதற்கு மட்டும் நாங்கள் காசைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. சென்ற முறை நானும் அருகில் போய் அமர்ந்து குருவி மடித்தேன். என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலால் தொட்டு எண்ணினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கயிற்றில் சேர்த்துக் கொண்டார்.

உழைக்கும் கைகள் யாவும் நிறைவு பெற எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் பாலிப்பாராக.

வாழ்க வையகம்! வளர்க அறப்பணி!